லிங்க்க தட்டினா பக்கம் நேரா அந்தப் பகுதியிலயே தொறக்கணும், என்ன பண்ணலாம், ஏன் சில சமயம் தள்ளிப் போய் நிக்குது

கேள்வி என்னன்னா, ஒரே பக்கத்துல நீளமா நிறைய விஷயம் இருக்கு, கீழ "விலை"ன்னு ஒரு பகுதி, அதுக்கு மட்டும் லிங்க் அனுப்பணும்னு பாத்தா பக்கம் எப்பவும் மேல இருந்துதான் தொறக்குது. ஹேஷ், அதாவது # குறி, போட்டு ட்ரை பண்ணீங்க, அப்பவும் தலைப்பு மெனுவுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது, அதுலயும் உங்க லேப்டாப்ல ஓரளவு சரியா நிக்குறது மத்தவங்க போன்ல ரெண்டு ஸ்க்ரீன் தள்ளி எங்கயோ நிக்குது. இதுக்கு ஜாவாஸ்க்ரிப்ட் எழுதணுமா, இல்ல ஏதாவது ப்ளக்இன் போடணுமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டுமே வேணாம். பெரும்பாலும் தேவைப்படாது. இது வெப்பு பொறந்த காலத்துலேர்ந்து பிரவுசரே பண்ற வேலை. நாம பண்ண வேண்டியது அந்த இடத்துக்கு ஒரு பேரு வைக்கிறது, அப்புறம் பிரவுசர் அங்க போய் சேர்ற வரைக்கும் அந்த இடம் நகராம பாத்துக்கிறது, அவ்வளவுதான். தப்பா போற பெரும்பாலான கேஸும் சுத்திச் சுத்தி இந்த ரெண்டுல ஒன்னுலதான் வந்து நிக்கும், ஒன்னு பேரு பொருந்தல, இல்லன்னா இடம் நகந்துடுச்சு.

முதல்ல பேரு வைக்கிறது. எங்க தொறக்கணுமோ அந்தத் தலைப்போட டேக்ல, உதாரணமா எச்2 டேக்ல, ஐடி="விலை"ன்னு ஒரு ஆட்ரிப்யூட் போடுங்க. அப்புறம் பக்கத்தோட முகவரி முடியுற இடத்துல #விலை அப்படின்னு சேத்தா போதும். அதே பக்கத்துக்குள்ள மேல இருக்குற பட்டியல்லேர்ந்து போகணும்னா ஏ டேக்ல ஹெச்ரெஃப்="#விலை". வேற பக்கத்துலேர்ந்து வரணும்னா முழு முகவரியும் போட்டு அதுக்குப் பின்னாடி ஹேஷ். (டேக் பேரு, ப்ராப்பர்ட்டி பேரு எல்லாத்தையும் நான் சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதிட்டுப் போறேன், நீங்க எடிட்டர்ல அடிக்கும்போது வழக்கமான இங்கிலீஷ் ஸ்பெல்லிங்லதான் அடிக்கணும். மேற்கோளுக்குள்ள நாம வைக்கிற பேரு மட்டும் தமிழாவே இருக்கலாம், அதப் பத்தி ஒரு கதையே இருக்கு, கீழ சொல்றேன்.)

பழைய கோட் எதையாவது பாத்தா அங்க ஐடிக்கு பதிலா ஒரு காலி ஏ டேக் போட்டு அதுல நேம்னு எழுதியிருப்பாங்க. 1995ல வந்த எச்டிஎம்எல் 2.0 காலத்து வழக்கம் அது. 1997 கடைசில வந்த எச்டிஎம்எல் 4லதான் எந்த டேக்குக்கு வேணாலும் ஐடி கொடுக்கலாம்னு ஆச்சு. நேம் போட்டது இன்னைக்கும் வேலை செய்யும், ஆனா புதுசா எழுதுற பக்கத்துல அத எழுதாதீங்க, காரணமே இல்லாம ஒரு காலி டேக் நடுவுல கெடக்கும்.

ஹேஷ பத்தி ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா பாதி குழப்பம் தீந்துடும். ஹேஷுக்கு அப்புறம் இருக்குறது எதுவுமே சர்வருக்குப் போகாது. பிரவுசர் அத தன் கையிலயே வச்சுக்கிட்டு மிச்ச முகவரிய மட்டும் சர்வர்கிட்ட கொடுத்து பக்கத்த வாங்கும், வாங்கினதுக்கு அப்புறம் "சரி, இதுல விலைன்னு எவனாவது இருக்கானா"ன்னு தேடும். அதனால பிஎச்பிலயோ வேற எதுலயோ சர்வர் பக்கம் உக்காந்து "ஹேஷ்ல என்ன வந்திருக்கு"ன்னு படிக்க முயற்சி பண்றது வீண் வேலை. சர்வர் லாக்லயும் அது இருக்காது. நான் ஆரம்பத்துல ஒரு நாள் முழுக்க அதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன், வராத பஸ்ஸுக்கு ஸ்டாப்புல நின்ன கதை.

தேடுற விதமும் ரொம்ப கறார். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்கும், இங்கிலீஷ்ல ஐடி வச்சா எப்பவும் சின்ன எழுத்துலயே வைங்க. பேருக்கு நடுவுல ஸ்பேஸ் வரக்கூடாது, ரெண்டு வார்த்தைன்னா ஹைஃபனோ அண்டர்ஸ்கோரோ போட்டு ஒட்டுங்க. ஒரே ஐடிய ரெண்டு எடத்துல வச்சுட்டீங்கன்னா முதல்ல வர்ற எடத்துக்குத்தான் போகும், ரெண்டாவத கண்டுக்கவே கண்டுக்காது. காப்பி பேஸ்ட் பண்ணி அடுத்த பகுதி எழுதுற எல்லாரும் ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்போம். இன்னொன்னு, ஐடிக்குள்ள ஹேஷ் போடக்கூடாது, லிங்க்லதான் ஹேஷ். ஐடி="#விலை"ன்னு எழுதி வச்சுட்டு வேலை செய்யலன்னு சொல்ற ஆளுங்கள வாரம் ஒருத்தரப் பாக்குறேன்.

முகவரில கேள்விக்குறி போட்டு ஏதாவது இருந்தா அது ஹேஷுக்கு முன்னாடி வரணும். விளம்பர லிங்க்ல எந்த விளம்பரத்துலேர்ந்து வந்தாங்கன்னு பாக்க நீளமா வால் சேப்பாங்க பாருங்க, அத கடைசில ஒட்டிடுவாங்க, அதாவது #விலைக்கு அப்புறம் ?ன்னு ஆரம்பிச்சு. அப்ப பிரவுசரப் பொறுத்தவரைக்கும் அந்த மொத்த வாலும் ஐடி பேரோட ஒரு பகுதி, அப்படி ஒரு ஐடி பக்கத்துல எங்கயும் இல்ல, அதனால மேலயே நிக்கும். சில டூல் லிங்க்க அனுப்பும்போது ஹேஷயே %23ன்னு மாத்திடும். அட்ரஸ் பார்ல %23ன்னு தெரிஞ்சா அது ஹேஷே இல்ல, வெறும் எழுத்து, சர்வர்கிட்ட அந்த பேருல ஒரு பக்கத்தக் கேக்கும், அது பக்கம் இல்லன்னு 404 கொடுக்கும்.

இப்ப தமிழ் ஐடி. வைக்கலாமான்னு கேட்டா தாராளமா வைக்கலாம், எச்டிஎம்எல்5ல ஸ்பேஸ் தவிர எந்த எழுத்தும் ஓகே. அட்ரஸ் பார்ல அழகா தமிழ்லயே தெரியும். ஆனா அத காப்பி பண்ணி வேற எங்கயாவது ஒட்டினா பூரா சதவீதக் குறியா மாறிடும், பாத்து பயந்துடாதீங்க, தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8ல (கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கிற முறை) 3 பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு % பிளஸ் ரெண்டு எழுத்து, ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. "விலை"ங்கிறது கண்ணுக்கு ரெண்டு எழுத்துதான், ஆனா உள்ள வ, இகரக் கொக்கி, ல, ஐகாரக் கொம்புன்னு 4 குறியீடு, அதனால 36 எழுத்தா நீளும். நீளமா அசிங்கமா இருந்தாலும் வேலை செய்யும், ஏன்னா பிரவுசர் முதல்ல ஹேஷுல இருக்குறத அப்படியே வச்சு தேடும், கிடைக்கலன்னா சதவீதத்த பிரிச்சு மறுபடி தேடும்.

சொன்ன கதை இதுதான். ஒரு தளத்துல ஐடி="தொடர்பு"ன்னு வச்சிருந்தேன், லிங்க்லயும் #தொடர்பு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பாத்தாச்சு, ஒரு வித்தியாசமும் இல்ல, ஆனா லிங்க்க தட்டினா பக்கம் அசையவே மாட்டேங்குது. சரி கேஷ் பிரச்சனைன்னு நினைச்சு அத க்ளியர் பண்ணி, ஹோஸ்டிங்க சந்தேகப்பட்டு, கடைசில வேற ஒரு ப்ளக்இன் மேல பழியப் போட்டு அதையும் எடுத்துட்டேன். அரை நாள் போச்சு. அப்புறம் தற்செயலா ரெண்டையும் சதவீத வடிவத்துல மாத்திப் பாத்தேன். லிங்க்ல இருந்தது 63 எழுத்து, ஐடில இருந்தது 72. ஒன்பது எழுத்து அதிகம், அதாவது ஒரு குறியீடு அதிகம்.

விஷயம் என்னன்னா, "தொ"வ ரெண்டு விதமா சேமிக்கலாம். த போட்டு ஒகரக் குறிய ஒரே குறியீடா போடலாம், இல்லன்னா த, ஒத்தக் கொம்பு, கால்னு தனித்தனியா ரெண்டு குறியீடா போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒன்னேதான், எந்த ஃபான்ட்லயும் வித்தியாசம் தெரியாது. என் ஐடி ஒரு பழைய ஃபைல்லேர்ந்து காப்பி பண்ணது, அதுல கொம்பும் காலும் தனித்தனி. லிங்க் நான் போன் கீபோர்டுல அடிச்சது, அதுல ஒரே குறியீடு. பிரவுசர் இதெல்லாம் ஒன்னுதானேன்னு இரக்கப்படாது, குறியீட்டுக்குக் குறியீடு பொருந்தலன்னா அது வேற பேரு. கொ, கோ, கௌ வரிசையில வர்ற எந்த எழுத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதுலேர்ந்து நான் தமிழ் ஐடி வச்சா ஐடிய டைப் பண்ணி அதையே காப்பி எடுத்துத்தான் லிங்க்ல ஒட்டுவேன், ரெண்டு தடவ டைப் பண்ற வேலையே கிடையாது. வாய்ஸ்ல சொல்ல வேண்டிய லிங்க், பேப்பர்ல அச்சடிக்க வேண்டிய லிங்க்னா பேசாம சின்ன இங்கிலீஷ் பேரு வச்சுடுவேன், உண்மையச் சொன்னா அதுதான் நிம்மதி. சில மெசேஜ் ஆப்ல லிங்க்குல தமிழ் வந்தா பாதியிலயே நீல நிறத்த வெட்டிடும், அந்தத் தொல்லையும் இருக்காது.

அடுத்தது மெனுவுக்கு அடியில ஒளியுற தலைப்பு. பிரவுசர் சரியாத்தான் போகுது, அந்தத் தலைப்ப ஸ்க்ரீனோட மேல் விளிம்புல கொண்டு போய் வைக்குது, ஆனா அங்கதான் உங்க ஸ்டிக்கி ஹெடர், அதாவது ஸ்க்ரோல் பண்ணாலும் மேலயே ஒட்டி நிக்கிற மெனு, ஏற்கனவே உக்காந்திருக்கு. பிரவுசருக்கு அத சொல்லணும். சிஎஸ்எஸ்ல ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்னு ஒரு ப்ராப்பர்ட்டி, அத எச்2க்கு கொடுங்க, மெனு 64 பிக்சல் உயரம்னா 80 கொடுங்க, கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் கொடுக்க சோம்பலா இருந்தா எச்டிஎம்எல் டேக்குக்கே ஸ்க்ரோல்-பேடிங்-டாப் 80 பிக்சல்னு ஒரே வரி, மொத்த பக்கத்துக்கும் ஆச்சு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், நாளைக்கு மெனு உயரம் மாறினா ஒரு எடத்துல மாத்தினா போதும். போன்ல மெனு வேற உயரம்னா மீடியா க்வெரிக்குள்ள (ஸ்க்ரீனுக்குத் தகுந்த மாதிரி சிஎஸ்எஸ் மாத்துற வழி) தனி நம்பர் கொடுத்துடுங்க, இத மறந்துட்டு போன்ல மட்டும் பாதி தலைப்பு தெரியுதுன்னு வர்றவங்க நிறைய.

இணையத்துல தேடினா பழைய வழி ஒன்னு கிடைக்கும், தலைப்புக்கு மேல பேடிங் 80, மார்ஜின் மைனஸ் 80ன்னு. அத எடுக்காதீங்க. அந்த பேடிங் கண்ணுக்குத் தெரியாம மேல இருக்குற பத்தி மேல போய் படுத்துக்கும், அந்தப் பத்தில கடைசி ரெண்டு வரில லிங்க் இருந்தா சில சமயம் தட்டினா ஒன்னும் நடக்காது, ஏன்னு கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆகும்.

வழுக்கிக்கிட்டு மெதுவா இறங்குற மாதிரி வேணும்னா ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத்னு ஒரு வரி. ஆனா ரொம்ப நீளமான பக்கத்துல அது எரிச்சல்தான், கண்ணு முன்னாடி எல்லாம் பறக்கும், சிலருக்கு தலை சுத்தும். போன் செட்டிங்ஸ்ல அசைவக் குறைன்னு வச்சிருக்குறவங்களுக்கு அத ஆஃப் பண்ணிடணும், மீடியா க்வெரில ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன்னு இருக்கு. அதவிட உபயோகமானது :டார்கெட்னு ஒரு செலக்டர், இப்ப ஹேஷ்ல இருக்குற ஐடி எந்த டேக்கோ அதுக்கு மட்டும் ஸ்டைல் கொடுக்கும். எச்2:டார்கெட்டுக்கு லேசா மஞ்சள் பின்னணி கொடுத்துப் பாருங்க, வந்தவங்களுக்கு "ஓ இங்கதான் வரச் சொன்னாங்க"ன்னு சட்டுனு புரியும். முக்கியமா பக்கத்தோட கடைசிப் பகுதிக்கு இது வேணும், ஏன்னா அதுக்குக் கீழ போதுமான உயரம் இல்லன்னா பிரவுசரால அத மேல வரைக்கும் கொண்டு வர முடியாது, ஸ்க்ரீன் நடுவுலயோ அடியிலயோதான் நிக்கும். அது தப்பு இல்ல, அதுக்கு மேல ஸ்க்ரோல் பண்ண எடமே இல்ல, அவ்வளவுதான்.

இனி மெயின் பிரச்சனை, தள்ளிப் போய் நிக்குறது. கணக்கு போட்டுப் பாருங்க. விலைப் பகுதிக்கு மேல 6 படம் இருக்குன்னு வைங்க, எதுக்கும் அகலம் உயரம் எழுதல. பக்கத்தோட எழுத்து மொதல்ல வந்துடும், படம் மெதுவாத்தான் வரும், வராத படத்துக்கு உயரம் பூஜ்யம். பிரவுசர் அந்த நேரத்துல விலைய கண்டுபிடிச்சு அங்க போய் நிக்குது. அப்புறம் படம் ஒவ்வொன்னா வந்து தலைக்கு 400 பிக்சல் எடுத்துக்குது, 6 படம் 2400 பிக்சல். விலை அந்த 2400ம் கீழ தள்ளப்பட்டாச்சு. பிரவுசரும் சும்மா இல்ல, பக்கம் லோடு ஆகி முடியுற வரைக்கும் திரும்பத் திரும்ப சரி பண்ணப் பாக்கும், மேல ஏதாவது வளந்தா நாம படிக்கிற எடம் நகராம புடிச்சு வைக்கிற ஸ்க்ரோல் ஆங்கரிங்னு ஒன்னும் இருக்கு, க்ரோம்ல 2017லயும் ஃபயர்ஃபாக்ஸ்ல 2019லயும் வந்துச்சு. ஆனா இத எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி பண்றதில்ல, அதுக்குள்ள ஆளு ஒரு தடவ விரல வச்சு நகத்திட்டா பிரவுசர் "சரி நீயே பாத்துக்கோ"ன்னு விட்டுடும்.

மருந்து ரொம்ப சிம்பிள், ஒவ்வொரு இமேஜ் டேக்லயும் விட்த், ஹைட் ரெண்டையும் நம்பரா எழுதிடுங்க, படத்தோட நிஜ அளவு. சிஎஸ்எஸ்ல அகலம் 100%, ஹைட் ஆட்டோன்னு இருந்தாலும் பரவால்ல, இப்ப இருக்குற பிரவுசர் எல்லாம் அந்த ரெண்டு நம்பர்லேர்ந்து விகிதத்த எடுத்து, படம் வர்றதுக்கு முன்னாடியே அளவா இடம் ஒதுக்கி வச்சுடும். லேஸி லோடிங் போட்ட படத்துக்கு இது கட்டாயம், ஏன்னா அது ஸ்க்ரீன் பக்கத்துல வந்தாத்தான் லோடே ஆகும். விளம்பரம், வீடியோ எம்பெட், பின்னாடி வந்து ஒட்டிக்கிற குக்கி அறிவிப்புப் பட்டை, இதுக்கெல்லாம் மின்-ஹைட் கொடுத்து முன்னாடியே எடம் பிடிச்சு வைங்க. நான் பாத்த வரைக்கும் "போன்ல மட்டும் தள்ளிப் போகுது"ங்கிற புகார்ல முக்கால்வாசி இதுதான். ஜாவாஸ்க்ரிப்ட்ல ரெண்டு செகண்ட் பொறுத்து மறுபடி ஸ்க்ரோல் பண்ணுன்னு எழுதி ஒப்பேத்துவாங்க, படிக்க ஆரம்பிச்சவன தோளப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க.

ஜாவாஸ்க்ரிப்ட் நிஜமாவே தேவைப்படுற எடம் ஒன்னு உண்டு. ரியாக்ட், வ்யூ மாதிரி ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி எதுலயாவது கட்டின பக்கம், அல்லது டேட்டா பின்னாடி வந்து நிரம்புற பக்கம். பிரவுசர் தேடுற நேரத்துல அந்தத் தலைப்பு பக்கத்துலயே இல்ல, இல்லாத ஆள தேடிட்டு மேலயே நின்னுடும். அங்க டேட்டா வந்து வரைஞ்சு முடிச்ச அப்புறம் நீங்களே லொகேஷன்.ஹேஷ படிச்சு, முன்னாடி இருக்குற ஹேஷ வெட்டி, அந்த ஐடி உள்ள எலிமெண்ட்ட எடுத்து ஸ்க்ரோல்இன்டுவ்யூ கூப்பிடணும். தமிழ் ஐடின்னா இங்க ஒரு பள்ளம் இருக்கு, லொகேஷன்.ஹேஷ் தமிழாத் தராது, அந்த சதவீத வடிவத்துலதான் தரும், டீகோட்யூஆர்ஐகாம்பொனன்ட்குள்ள போட்டு எடுத்தாத்தான் விலை விலையா வரும். எலிமெண்ட்ட தேடுற க்வெரிசெலக்டர்ல அப்படியே தூக்கிப் போட்டீங்கன்னா சதவீதக் குறியப் பாத்ததும் எரர் அடிச்சு மிச்ச ஸ்க்ரிப்ட்டும் நின்னுடும். நம்பர்ல ஆரம்பிக்கிற ஐடிக்கும் க்வெரிசெலக்டர் இதே வம்பு பண்ணும். கெட்எலிமெண்ட்பைஐடி இந்த எதுக்கும் அலட்டிக்காது, அதையே பழகிக்கோங்க.

மூடி வச்ச பகுதிக்கு லிங்க் கொடுக்குறதும் தனி ரகம். சிஎஸ்எஸ்ல "டிஸ்ப்ளே நன்"னு போட்டு மறைச்ச ஒரு டேப்புக்குள்ள ஐடி இருந்தா அதுக்கு ஸ்க்ரீன்ல இடமே கிடையாது, எங்கன்னு போகும். தட்டினா விரியுற டீடெயில்ஸ் டேக்ல மூடி வச்சிருந்தா புது பிரவுசர்ங்க தானாவே தொறந்து காட்டும், பழசு காட்டாது. கேள்வி பதில் பகுதிக்கு தனியா அக்கார்டியன் ஸ்க்ரிப்ட் எழுதுறதுக்கு பதிலா டீடெயில்ஸ் டேக்கயே யூஸ் பண்ணுங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்துக்குள்ள ஐஃப்ரேம்ல வேற பக்கம் வச்சிருந்தா மேல இருக்குற ஹேஷ் உள்ள போகாது, ஐஃப்ரேமோட முகவரிலயேதான் ஹேஷ் போடணும். ஹெட்ல பேஸ் டேக் இருக்குற தளத்துல வெறும் #விலைன்னு லிங்க் வச்சா, அது இந்தப் பக்கத்த விட்டுட்டு பேஸ்ல சொன்ன முகவரிக்கு ஓடிப்போயிடும், பழைய டெம்ப்ளேட் வாங்கி யூஸ் பண்றவங்க இதப் பாத்துக்கோங்க.

கோட் பக்கமே போகாம வேர்ட்பிரஸ்ல எழுதுறவங்கன்னா, தலைப்பு பிளாக்க தேர்ந்தெடுத்து வலது பக்கம் அட்வான்ஸ்டுன்னு இருக்குறத விரிச்சா எச்டிஎம்எல் ஆங்கர்னு ஒரு கட்டம், அதுல ஹேஷ் இல்லாம பேர மட்டும் எழுதுங்க. பிளாகர்ல எழுதறவங்க எச்டிஎம்எல் வ்யூக்கு மாறி கையால ஐடி சேக்கணும். பிடிஎஃப் ஃபைலுக்கு லிங்க் கொடுக்குறப்ப முகவரிக்கு பின்னாடி ஹேஷ் போட்டு பேஜ்=12ன்னு சேத்தா பெரும்பாலான பிரவுசர்ல 12ஆம் பக்கத்துல தொறக்கும்.

பக்கமே உங்களோடது இல்லன்னா? ஐடி இல்லாத ஒரு நீளமான கட்டுரைல நடுவுல ஒரு வரிய மட்டும் ஒருத்தருக்குக் காட்டணும். அதுக்கும் இப்ப வழி வந்தாச்சு. க்ரோம்ல அந்த வரிய செலக்ட் பண்ணி ரைட் கிளிக் பண்ணா காப்பி லிங்க் டு ஹைலைட்னு ஒன்னு இருக்கும், அந்த லிங்க்க அனுப்பினா தொறக்குறவங்களுக்கு அந்த வரிக்கே போய் நிறம் பூசிக் காட்டும். முகவரிய உத்துப் பாத்தா #:~: ன்னு ஒரு விசித்திரமான குறி, அப்புறம் டெக்ஸ்ட்= போட்டு அந்த வாசகம். க்ரோம் 80ல, 2020ல வந்தது இது, சஃபாரில 2022ல 16.1லயும் ஃபயர்ஃபாக்ஸ்ல 2024ல 131லயும் சேந்துச்சு, அதனால இப்ப தைரியமா அனுப்பலாம். அந்தப் பக்கத்துக்காரர் அந்த வாக்கியத்த திருத்திட்டா பொருந்தாது, அப்ப மேல இருந்து தொறக்கும், அதுக்கும் மருந்து உண்டு, #விலை:~:ன்னு ஐடியையும் முன்னாடி வச்சா வாசகம் கிடைக்காதப்ப அந்தப் பகுதிக்காவது போகும். ஆனா உங்க சொந்தப் பக்கத்துக்கு இத நம்பாதீங்க, ஐடிதான் கெட்டி.

ஐடி பேர யோசிச்சு வைங்க, வச்ச அப்புறம் மாத்தாதீங்க. பகுதி-1, பகுதி-2ன்னு நம்பர் போட்டு வச்சா, நடுவுல ஒரு பகுதிய சேக்குற அன்னைக்கு எல்லாம் ஒன்னு ஒன்னு தள்ளிப் போய், ஏற்கனவே யார் யாருக்கோ அனுப்பின லிங்க் எல்லாம் தப்பான எடத்த காட்டும், அது 404 கூட கொடுக்காது, அமைதியா தப்பு பண்ணும். பேர மாத்தியே ஆகணும்னா தலைப்புக்குள்ளயே ஒரு காலி ஸ்பான் போட்டு அதுக்கு பழைய ஐடிய கொடுத்துடுங்க, ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குப் போவாங்க. பக்கத்தோட முகவரிய மாத்தி ரீடைரக்ட் போட்டா ஹேஷ பிரவுசரே கூட எடுத்துட்டு வரும், அது கவலையில்ல. ஆனா ஒரு பகுதிய மட்டும் பிச்சு வேற பக்கமா ஆக்கிட்டீங்கன்னா சர்வர்ல ரீடைரக்ட் எழுதவே முடியாது, அதான் ஹேஷ் சர்வருக்குப் போகாதே, பழைய பக்கத்துல அதே ஐடியோட "இது இப்ப அங்க இருக்கு"ன்னு ஒரு வரி விட்டு வைக்கிறதுதான் ஈஸி.

கடைசியா, உங்க லேப்டாப்ல மட்டும் ஏன் சரியா போகுதுன்னா, நீங்க டெஸ்ட் பண்ற விதம்தான். ஏற்கனவே தொறந்திருக்குற பக்கத்துல அட்ரஸ் பார்ல ஹேஷ சேத்து என்டர் தட்டினா பக்கம் ரீலோடே ஆகாது, எல்லாப் படமும் ஏற்கனவே வந்து உக்காந்திருக்கும், அந்த நிலைமைல அளக்கிறது எப்படி தப்பாகும். ரீலோடு பண்ணிப் பாத்தாலும் ஏமாறுவீங்க, பிரவுசர் ஹேஷ விட்டுட்டு நீங்க கடைசியா நின்ன எடத்துக்கே கூட்டிட்டுப் போகும். லிங்க் கிடைச்சவங்க அப்படி வர்றதில்ல, அவங்களுக்கு கேஷும் இல்ல, படமும் இல்ல, நெட்டும் ஸ்லோ. அதனால போன்ல இன்காக்னிட்டோ விண்டோ தொறந்து, முழு லிங்க்க ஒட்டி, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு பாருங்க. மொதல்ல படத்துக்கெல்லாம் விட்த் ஹைட் போட்டுட்டு, அப்புறம் ஸ்க்ரோல்-பேடிங்-டாப் வரிய சேத்துட்டு, இதே மாதிரி மூணு நாலு தடவ தொறந்து பாருங்க, அதுக்கு மேலயும் தள்ளிப் போச்சுன்னா அந்தப் பகுதிக்கு மேல எதுவோ ஒன்னு லேட்டா வந்து உக்காருது, எதுன்னு மேல இருக்குறத ஒவ்வொன்னா எடுத்துப் பாத்தா மாட்டிக்கும்.